மரை

சின் மிங்கில் மூன்றாம் மாடிப் பட்டறை.
நஜ்முதீன் அண்ணன் காரை விட்டு இறங்கியபோது
சட்டை முதுகில் இருக்கையின் தையல்கூட அச்சாகியிருந்தது.
"மறுபடியும் வெறும் காத்துதான் வருது, சுகந்தி.
சாங்கியில ஏறினவங்க
ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போயிட்டாங்க.
நம்ம ஊர் வானத்துலகூட ரெண்டு தெரியும்."

பானெட்டைத் திறந்து ஊதா விளக்கைப் பிடித்தேன்.
கம்பிரசரில் குழாய் வந்து சேரும் இடத்தில்
பச்சையாய் ஒரு மினுக்கம்,
வாயோரம் துடைக்க மறந்த வெண்ணெய்போல.
கேஸ் அங்கேதான் கசிகிறது.

போல்ட்டின் தலையிலிருந்து தகட்டுக்கு இறங்கும்
மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.
இறுக்கி முடித்ததும் நாங்கள் போடும் கோடு அது.
போல்ட் தளர்ந்தால் கோடு உடையும்.
உடையவில்லை.
ரோஸ்லான் வெள்ளை போடுவான். ஹெங் சிவப்பு.
மஞ்சள் என்னுடையது.

பத்து மில்லிமீட்டர் சாக்கெட்டை மாட்டித் திருப்பினேன்.
நல்ல போல்ட் விடுபடும்போது ஒருமுறை முனகும்.
இது முனகவே இல்லை.
சும்மா சுற்றிக்கொண்டு வந்தது,
மரையில் அலுமினியச் சுருள் ஒன்றையும்
சீப்பில் சிக்கிய முடியாய் இழுத்துக்கொண்டு.

கையேடு சொல்வது பத்து நியூட்டன் மீட்டர்.
சுண்டுவிரல் நகத்தளவு தலைக்கு அது போதும்.
டார்க் ரெஞ்ச் ஒருமுறை 'டக்' என்னும்.
அங்கே நிறுத்த வேண்டும்.
இரண்டாவது 'டக்' கேட்கிறவர்கள்
முதலாவதை நம்பாதவர்கள்.

ஏப்ரலில் அந்த ரெஞ்ச் பெட்டிக்குள் தூங்கியது.
என் கையில் சாதாரண ராட்செட்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், போனுக்குள் தங்கை.
அம்மாவின் டயாலிசிஸுக்கு யார் எவ்வளவு என்று பேச்சு.
அவள் ஒன்று சொல்ல, நான் கால் சுற்று.
"உனக்கென்ன, புங்கோல்ல ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கே."
கால் சுற்று.
"இனிமே கூப்பிடாதே" என்றபோது
பிடி கைக்குள் மெத்தென்று போனது.
நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்தேன்.
அது மரை கிழிந்த மெத்து.

கோடு போட்டேன். அழகாகவே போட்டேன்.
அதற்குப்பின் தங்கை அனுப்புவதெல்லாம்
மருத்துவமனை ரசீதுகளின் படம்.
நான் பாதிப் பணம் அனுப்புவேன்.
அவள் ஒரு கட்டைவிரல் அனுப்புவாள்.

பழைய கார், அதிர்வில் போயிருக்கும் என்றால்
அண்ணன் நம்பியிருப்பார்.
முதலாளி கோவும் தலையாட்டியிருப்பார்.
"அண்ணே, இது என் கை வேலை" என்றேன்.
அவர் போல்ட்டை உள்ளங்கையில் வாங்கி
வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கா ஒத்த நட்சத்திரம்?" என்றார்.
கீழே போய் இரண்டு கோப்பி வாங்கி வந்தார்.
ஒன்றில் சர்க்கரை இல்லை; அது எனக்கு.

துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி,
எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே குடிவைத்தேன்.
என் கணக்கில் எழுதச் சொன்னேன்.
புது ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்.
போல்ட்டை முதலில் விரலால்தான் விட்டேன்.
கருவி வருமுன் அது தானாக வழி கண்டுபிடிக்க வேண்டும்.
பிறகு ரெஞ்ச்.
டக்.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
கொடுக்கவில்லை.

அரைமணி நேரம் வெற்றிடம் பிடித்தேன்.
முள் அசைகிறதா என்று
பரீட்சை முடிவுக்கு நிற்பவள்போல நின்றேன்.
அசையவில்லை.
தராசு வைத்து நானூற்று எண்பது கிராம் கேஸ்.

இரவு ஒன்பதுக்கு அண்ணன் பதறிக் கூப்பிட்டார்.
"சுகந்தி, காருக்கடியில தண்ணி சொட்டுது!"
"சொட்டட்டும்ண்ணே. உள்ளே குளிருதுன்னு அர்த்தம்."
நம்பிக்கை வரவில்லை போலும்.
படம் எடுத்து அனுப்பினார்:
கார் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரை,
கைக்குட்டை அளவு ஈரம்.

அதைத் தங்கைக்குத் தள்ளிவிட்டேன்.
ஏனென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
கட்டைவிரலுக்குப் பதிலாக
ஒரு வரி வந்தது.

என்னக்கா இது?